நூறு சி.சி. வண்டியும் ஏ9 வீதியும்: ஸ்கந்தபுரத்தில் மோட்டார் சைக்கிள் பழகுவோருக்கு

"சி.ரி. 100 இல ஹைவேயால கொழும்புக்குப் போகலாமோ அக்கா?" ஸ்கந்தபுரத்தில் புதிதாக மோட்டார் சைக்கிள் எடுத்த பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். செய்தி வேலையாக ஒரு 100 சி.சி. வண்டியிலேயே வன்னி முழுக்கத் திரிகிறேன் என்பதால் எனக்கு விடை தெரியும் என்று நினைக்கிறார்கள். விடை சுருக்கமானது. போக முடியாது. சி.ரி. 100 இல் மட்டுமல்ல, 1000 சி.சி. வண்டியிலும் போக முடியாது. இலங்கையின் அதிவேக நெடுஞ்சாலைகளில் மோட்டார் சைக்கிள், முச்சக்கரவண்டி, உழவு இயந்திரம், துவிச்சக்கரவண்டி எதற்கும் இடமில்லை. 2011 நவம்பரில் தெற்கு அதிவேக நெடுஞ்சாலை திறந்த நாளிலிருந்து இதுதான் விதி. 2013 இல் திறந்த கட்டுநாயக்கா நெடுஞ்சாலைக்கும், 2022 ஜனவரியில் மீரிகமவுக்கும் குருநாகலுக்கும் இடையே திறந்த மத்திய நெடுஞ்சாலைப் பகுதிக்கும் அதே விதிதான்.

வடக்கில் அப்படியொரு நெடுஞ்சாலையே இல்லை. ஆகவே எங்கள் பிள்ளைகளுக்கு "ஹைவே" என்றால் அது ஏ9 தான். அதிவேக நெடுஞ்சாலையில் மாடு கிடையாது, எதிரே வாகனம் கிடையாது, குறுக்கே நடப்பவர் கிடையாது. ஏ9 இல் இவை எல்லாம் உண்டு, ஆனால் சொகுசு பஸ்களும் ஹயஸ் வான்களும் அதிவேக நெடுஞ்சாலையின் வேகத்தில்தான் ஓடுகின்றன. அந்த வேகத்தோடு சின்ன வண்டியில் போகிறவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

வெளிநாட்டு விதிகளைப் பற்றியும் கேட்பவர்கள் இருப்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். லண்டனில் எல் பலகையோடு 125 சி.சி. வண்டியில் சாப்பாடு கொண்டோடும் எங்கள் பிள்ளைகள் வைத்திருப்பது 1990 இல் அறிமுகமான கட்டாய அடிப்படைப் பயிற்சியின் சான்றிதழ். இரண்டு வருடம் செல்லும். அதை வைத்துக்கொண்டு மோட்டர்வேயில் ஏற முடியாது. முழு அனுமதிப்பத்திரம் எடுத்தால் அதே 125 இல் போகலாம்; 50 சி.சி.க்குக் குறைந்தவற்றுக்குத்தான் அங்கே நிரந்தரத் தடை. ஆனால் எல்லை மணிக்கு 112 கிலோமீற்றர். லொறிகள் 90 இல் கட்டுப்படுத்தப்பட்டவை. 125 ஒன்று முக்கி முக்கி 100 ஓடும். லொறிக்கும் காருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். ஜேர்மனியில் 60 இற்கு மேல் ஓடக்கூடிய வாகனமாக இருக்க வேண்டும், சுவிஸில் 80 ஆவது ஓட வேண்டும். இந்தியாவில் பெங்களூரு - மைசூரு விரைவுச்சாலையில் 2023 ஓகஸ்ட் 1 முதல் இருசக்கர வண்டிகளை நிறுத்திவிட்டார்கள்.

மாறாக நடந்துகொண்ட நாடு மலேசியா. கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் நெடுஞ்சாலையில் 1970களிலேயே மோட்டார் சைக்கிளுக்கென்று தனிப் பாதை போட்டார்கள். அங்குள்ள தமிழ்த் தொழிலாளர்கள் "கப்சாய்" என்று சொல்லும் சின்ன வண்டிகளில் வேலைக்குப் போகும் பாதை அது. வடக்கு - தெற்கு நெடுஞ்சாலையிலும் மோட்டார் சைக்கிளுக்குச் சுங்கக் கட்டணம் இல்லை. ஏழைத் தொழிலாளியின் வாகனம் எது என்று பார்த்து வீதி போட்டவர்கள் அவர்கள். நாங்கள் வீதி போட்டுவிட்டு அவனை இறக்கிவிட்டோம். இது என் அபிப்பிராயம். பாதுகாப்புக் காரணம் சொல்பவர்களிடமும் நியாயம் இருக்கிறது.

வன்னியும் மோட்டார் சைக்கிளும்

இந்த மண்ணில் மோட்டார் சைக்கிள் சொகுசுப் பொருளாக இருந்ததே இல்லை. 1996 செப்ரெம்பரில் கிளிநொச்சி நகரம் இராணுவத்திடம் விழுந்தபோது அங்கிருந்த சனம் அக்கராயன், ஸ்கந்தபுரம் பக்கம் வந்து மரங்களுக்குக் கீழே கொட்டில் போட்டது. நான் அப்போது சின்னப்பிள்ளை. பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லை. இருந்த ஒன்றிரண்டு மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. எனவே சின்னப் போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலைக் காபரேற்றருக்குள் சில துளி பீச்சி ஸ்ராட் பண்ணி, சிலிண்டர் சூடானதும் மண்ணெண்ணெயைத் திறந்துவிடுவார்கள். புகை ஒழுங்கை முழுக்க நிற்கும். நடுவழியில் நிறுத்தினால் மறுபடி பீச்ச வேண்டும் என்பதால் ஒருவரும் நிறுத்த மாட்டார்கள்.

2002 ஏப்ரலில் ஏ9 யாழ்ப்பாணம் வரை திறந்த பிறகு வண்டிகள் பெருகின. ஜப்பானில் தபால்காரருக்காகச் செய்யப்பட்ட ஹொண்டா எம்.டி. 90 தான் எங்கள் பக்கத்தில் அதிகம் நினைவில் நிற்பது. கிளச் பிடி இல்லாத வண்டி, கியரை மிதித்தால் போதும். அன்று அதில் பழகிய பலருக்கு இன்றும் கிளச் வண்டி சரிவராது. ஏ9 இல் புலிகளின் காவல்துறையினர் வேகமானியோடு நின்று தண்டம் எழுதியதை அந்தக் காலத்தில் பயணித்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். 2006 ஓகஸ்ட் 11 இல் வீதி மூடியது. 2008 இன் பிற்பகுதியில் ஸ்கந்தபுரமும் வெளிக்கிட்டது. கிழக்கு நோக்கிப் போன மோட்டார் சைக்கிள்கள் பெரும்பாலும் திரும்பி வரவில்லை.

மீள்குடியேறிய பிறகு மாறியது ஓட்டுபவர்கள்தான். வீட்டில் ஆண் துணை இல்லாமல் போன பெண்கள், கிளிநொச்சியில் இருந்து தினமும் வரும் ஆசிரியைகள், அறிவியல்நகர் ஆடைத்தொழிற்சாலைக்குப் போகும் பிள்ளைகள். பஸ் நேரத்துக்கு வராத ஊரில் ஒரு ஸ்கூட்டி பெப் இருந்தால் வேலைக்கும் போகலாம், பிள்ளையை ரியூசனுக்கும் ஏற்றலாம், இரவில் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்கும் ஓடலாம். லீசிங்கில் எடுத்துக் கட்ட முடியாமல் வண்டியைப் பறிகொடுத்தவர்களையும் எனக்குத் தெரியும். 2020 மார்ச் முதல் வாகன இறக்குமதி நின்று பழைய வண்டியின் விலை ஏறியதால் இழப்பு இன்னும் பெரிதானது.

கிரவலில் பழகி தாரில் ஓடுவது

எங்கள் ஊரில் பழகும் இடம் அநேகமாக அரிவு வெட்டிய வயல், கோயில் வளவு, குளக்கட்டு, கிரவல் ஒழுங்கை. பழக்குபவர் அண்ணனோ, கணவரோ, பக்கத்து வீட்டு அக்காவோ. முதலில் சொல்லிக் கொடுப்பது "முன் பிரேக்கைத் தொடாதே பிள்ளை, தூக்கி எறிஞ்சு போடும்". கிரவலிலும் மணலிலும் இது நல்ல புத்திமதிதான். முன் சில்லு பூட்டிக்கொண்டால் வண்டி சறுக்கி விழும்.

ஆனால் அதே பழக்கத்தோடு ஏ9 இற்குப் போனால் ஆபத்து. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னுக்குப் போகிறது. பின் சில்லு இலகுவாகி நிலத்தைப் பிடிக்க மாட்டாது. கணக்காகவே சொல்கிறேன். மணிக்கு 60 இல் போகும் வண்டி ஒரு செக்கனில் கிட்டத்தட்ட 17 மீற்றர் ஓடுகிறது. ஆபத்தைக் கண்டு கை அசைய ஒரு செக்கன் போய்விடும். பிறகு காய்ந்த தாரில் இரண்டு பிரேக்கையும் ஒழுங்காகப் பிடித்தால் ஏறத்தாழ 23 மீற்றரில் நிற்கலாம். பின் பிரேக் மட்டும் என்றால் அதன் இரண்டு மடங்கு. மொத்தத்தில் 40 மீற்றருக்கும் 63 மீற்றருக்கும் உள்ள வித்தியாசம். ஒரு மாடு வீதியைக் கடந்து முடிப்பதற்கும் முடிக்காததற்கும் உள்ள வித்தியாசம் என்றும் சொல்லலாம்.

ஆகவே கிரவலில் சமநிலை, கிளச், கியர் பழகிய பின், ஆளில்லாத தார் வீதியில் தனியாகப் பிரேக் பழகுங்கள். விடியப்புற நேரத்தில் அக்கராயன் பக்க வீதி போதும். 20 இல் தொடங்கி, இரண்டு பிரேக்கையும் ஒன்றாக, முன்னதை மெல்ல மெல்ல இறுக்கிப் பிடித்து நிறுத்துங்கள். பின்பு 30, 40. திடீரென்று இறுக்குவதுதான் தூக்கி எறியும். படிப்படியாக இறுக்குவது எறியாது. ஸ்கூட்டியில் இரண்டு பிரேக்கும் கையில், வலது முன், இடது பின். சைக்கிள் ஓடிப் பழகிய கைக்கு இது சுகம். அதனால்தான் ஸ்கூட்டிக்காரர் ஒரு கிழமையில் ஓடிவிடுகிறார்கள்.

கிளச் வண்டியில் எல்லோரும் தடுமாறும் இடம் புறப்படும்போதுதான். கிளச்சை விடும்போது வண்டி இலேசாக அசையும் ஒரு புள்ளி இருக்கிறது. அக்சிலேற்றரைத் தொடாமல் அந்தப் புள்ளியை மட்டும் தேடி, அசைந்ததும் திரும்பப் பிடித்து, இதை இருபது முப்பது தடவை செய்தால் பயம் போய்விடும். வண்டி துள்ளி நின்றால் பழக்குபவர் கத்தக்கூடாது. கணவரிடம் பழகுவதை விடப் பக்கத்து வீட்டு அக்காவிடம் பழகிய பெண்கள்தான் விரைவாக ஓடுகிறார்கள் என்பது நான் பார்த்தது.

அனுமதிப்பத்திரத்தில் ஒரு விடயம் பலருக்குத் தெரியாது. 2009 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தோடு வந்த பிரிவுகளில் 100 சி.சி.க்கு மேற்படாத வண்டிக்கு "ஏ1", அதற்கு மேல் "ஏ". ஸ்கூட்டி பெப் 88 சி.சி. அளவு, அது ஏ1. டியோ 109 சி.சி., ஏ1 வைத்திருப்பவர் அதை ஓட முடியாது. சி.ரி. 100 இலும் பெயரைப் பாராமல் வண்டிப் புத்தகத்தில் உள்ள அளவைப் பாருங்கள், பிந்திய சில வண்டிகள் 100 ஐத் தாண்டியவை. காசு ஒன்றுதான் என்றால் நேரே "ஏ" பிரிவுக்குப் போடுவதே புத்தி. வயது 18. தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் மருத்துவச் சான்றிதழ், தமிழிலேயே எழுதக்கூடிய 40 கேள்விகள் கொண்ட எழுத்துப் பரீட்சை, பிறகு கம்புகளுக்கு நடுவே எட்டுப் போடும் செய்முறை. அனுமதிப்பத்திரம் இல்லாமல் "ஊருக்குள்ளதானே" என்று ஓடுபவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். விபத்து நடந்தால் காப்புறுதி கைகொடுக்காது. பிழை மற்றவர் பக்கம் இருந்தாலும் வழக்கில் முதலில் நிற்பது நீங்கள்தான்.

ஏ9 இல் ஏறியபின்

ஸ்கந்தபுரத்தில் இருந்து யூனியன்குளம், கோணாவில் வழியாகக் கிளிநொச்சிக்குப் போகலாம், அல்லது அக்கராயன் வழியாக முறிகண்டிக்கு இறங்கலாம். முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கவும் கச்சான் வாங்கவும் எல்லா வாகனமும் நிற்கும். பஸ்ஸின் முன்னால் இருந்து திடீரென்று ஆள் வெளிப்படும். நீங்கள் நிற்காவிட்டாலும் அங்கே 30 இற்குக் குறையுங்கள்.

சட்டப்படி மோட்டார் சைக்கிளுக்கு ஊர்மனைப் பகுதியில் 50, வெளியே 70 தான் எல்லை. கார், வானுக்கும் அதே 70. ஒரு நல்ல 100 சி.சி. வண்டி 60, 65 இல் நாள் முழுக்க ஓடும். அப்படியானால் சட்டத்தை மதிக்கும் எந்த வாகனத்துக்கும் உங்கள் வண்டி இடைஞ்சல் இல்லை. பின்னால் வந்து ஹோன் அடிக்கும் வான்காரனுக்காக நீங்கள் வெட்கப்படவோ கரைக்கு ஒதுங்கவோ தேவையில்லை. வெள்ளைக் கோட்டில் ஒட்டி ஓடினால் "இடம் இருக்கு" என்று நினைத்து உங்களை உரசிக்கொண்டு முந்துவார்கள். கோட்டில் இருந்து ஒரு மீற்றர் உள்ளே ஓடுங்கள். பின்னால் வருபவன் முழுதாக விலகித்தான் முந்த வேண்டும். பெரிய பஸ் கடக்கும்போது முதலில் காற்று வெளியே தள்ளும், கடந்ததும் உள்ளே இழுக்கும். அந்த நேரத்தில் கைபிடியை இறுக்காமல், முழங்காலால் ராங்கைப் பிடித்துக்கொண்டால் வண்டி நேரே போகும்.

சின்ன வண்டியில் உண்மையான ஆபத்து முந்துவதில்தான். 60 இல் போகும் பஸ்ஸை நீங்கள் 70 இல் முந்துகிறீர்கள் என்று வையுங்கள். வித்தியாசம் 10 தான், செக்கனுக்கு மூன்று மீற்றர்கூட இல்லை. பஸ்ஸின் நீளத்தையும் முன்னும் பின்னும் விடும் இடைவெளியையும் சேர்த்து 40 மீற்றர் முன்னேற 14 செக்கனுக்கு மேல் எடுக்கும். அதற்குள் நீங்கள் 280 மீற்றர் ஓடியிருப்பீர்கள். எதிரே 100 இல் வரும் வான் 400 மீற்றர் வந்திருக்கும். கிட்டத்தட்ட 700 மீற்றர் வீதி உங்கள் கண்ணுக்கு வெறுமையாகத் தெரிய வேண்டும். மாங்குளம் பக்க நேர்வீதிகளில்கூட வெயிலின் கானல் அந்தத் தூரத்தை மறைக்கும். உழவு இயந்திரத்தை முந்துங்கள், லான்ட்மாஸ்டரை முந்துங்கள். ஓடிக்கொண்டிருக்கும் பஸ்ஸை விட்டுவிடுங்கள். அடுத்த தரிப்பிடத்தில் அது நிற்கும்.

அறுவடைக் காலத்தில் வீதியில் காயப்போட்ட நெல் மணலைப் போலவே சறுக்கும். காற்றுக்கு வைத்த கல்லுகளை அள்ளும்போது சிலர் விட்டுவிட்டுப் போகிறார்கள். 2013 இல் கிளிநொச்சி வரை ரயில் திரும்பி வந்த பிறகு கடவைகளும் சேர்ந்தன. ஒடுங்கிய ரயர் நனைந்த தண்டவாளத்தில் சாய்வாக ஏறினால் வழுக்கும், நேர்குத்தாகக் கடக்க வேண்டும். காவலாளி இல்லாத கடவையில் எஞ்சின் சத்தத்தோடு ஹெல்மெட்டுக்குள் ரயில் கேட்காது. நின்று, இரண்டு பக்கமும் பார்த்துத்தான் போக வேண்டும்.

இரவைப் பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை. 35 வாற்று விளக்கோடு, வீதியில் படுத்திருக்கும் கறுப்பு மாட்டையும், மணல் ஏற்றிக்கொண்டு விளக்கில்லாமல் ஒழுங்கையால் வெளிப்படும் டிப்பரையும் நம்பி 60 இல் ஓட முடியாது. 40, 45 போதும். எதிர் வெளிச்சம் கண்ணைக் குத்தினால் இடப்பக்க வெள்ளைக் கோட்டைப் பாருங்கள்.

நாட்டில் வருடத்துக்கு 2,000 இற்கும் மேற்பட்டோர் வீதி விபத்தில் இறக்கிறார்கள், அதில் மோட்டார் சைக்கிள்காரர்தான் அதிகம். போரில் ஒரு பிள்ளையை இழந்த வீட்டில் மிஞ்சிய பிள்ளையை வீதியில் இழந்த செத்த வீடுகளுக்கு நான் செய்தியாளராகப் போயிருக்கிறேன். அந்தத் தாய்மாரிடம் கேட்க எனக்கு ஒரு கேள்வியும் வந்ததில்லை. பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம். நாடிப் பட்டி பூட்டாத ஹெல்மெட் விழும்போது தலைக்கு முதல் கழன்றுவிடும்.

காயப்பட்டவர்கள் ஓடுவதென்றால்

இதைப் பற்றி எவரும் எழுதிக் கொடுப்பதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கியர் வண்டியில் இடது கால் கியர், வலது கால் பின் பிரேக். வலது காலை இழந்தவருக்குப் பின் பிரேக்கின் இறுக்கம் தெரியாது. அவருக்கு ஸ்கூட்டிதான் சரி. முழங்காலுக்குக் கீழே இடது காலை இழந்து செயற்கைக் கால் போட்டவர் சி.ரி. 100 போன்ற வண்டியை ஓடலாம். அதில் கியர் மிதி முன்னும் பின்னுமாக இரட்டையாக இருக்கிறது. முன்பக்கம் மிதித்தால் கியர் ஏறும், குதிப்பக்கம் மிதித்தால் இறங்கும். கணுக்கால் மடங்காத செயற்கைப் பாதத்தால் மிதியைக் கீழிருந்து தூக்குவதுதான் முடியாத காரியம், இதில் அது தேவையில்லை. நிறுத்தும்போது எப்போதும் நல்ல காலையே ஊன்றுங்கள், செயற்கைக் கால் கிரவலில் வழுக்கும். கையில் விரல் இல்லாதவர்கள் எந்தப் பிடியை இறுக்க முடிகிறது என்று பார்த்தே வண்டியைத் தெரிவு செய்ய வேண்டும். செல் சத்தத்தில் காது கெட்டவர்கள் இரண்டு கண்ணாடியையும் கழற்றாமல் வைத்திருக்க வேண்டும். இளைஞர்கள் ஸ்ரைலுக்காகக் கழற்றி எறியும் அந்தக் கண்ணாடிதான் இவர்களுக்குக் காது.

ஸ்கூட்டிக்குப் பக்கச் சில்லுகள் பூட்டித்தரும் கராஜ்கள் இருக்கின்றன. பூட்டுவதற்கு முன் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டு அனுமதி எடுங்கள், இல்லாவிட்டால் புத்தகமும் வண்டியும் ஒத்துப்போகாது. மருத்துவப் பரிசோதனையில் காயத்தை மறைக்காதீர்கள். மறைத்து எடுத்த அனுமதிப்பத்திரம் விபத்துக்குப் பிறகு உங்களுக்கே எதிராக நிற்கும். அத்தோடு பக்கச் சில்லு வண்டி வளைவில் சாயாது. சாதாரண மோட்டார் சைக்கிள் ஓடிய நினைவில் வேகமாகத் திருப்பினால் வெளிப்பக்கம் புரளும்.

கடைசியாக அந்தக் கொழும்புப் பயணம். கிளிநொச்சியில் இருந்து 300 கிலோமீற்றருக்கு மேல். ஏ9 ஆல் வவுனியா, மதவாச்சி போய், அநுராதபுரம், பாதெனிய வழியாக இறங்குவது வழக்கமான வழி. அதிவேக நெடுஞ்சாலை எதுவும் குறுக்கிடாது. புறப்பட முதல் செயின் இறுக்கம், எஞ்சின் ஒயில், ரயர் காற்று பாருங்கள். முன்னுக்கு 25, பின்னுக்கு 28, ஆள் ஏற்றினால் 32 என்பதே இந்த ரக வண்டிகளுக்குப் பொதுவான அளவு. மணித்தியாலத்துக்கு ஒருக்கால் நிற்பது எஞ்சினுக்காக அல்ல, ஓடும் காற்றில் அது தானே ஆறிவிடும். உங்கள் இடுப்புக்கும் கண்ணுக்கும்தான் ஓய்வு வேண்டும். வண்டி கொழும்பில் தேவை, ஆனால் அவ்வளவு தூரம் ஓட ஏலாது என்றால் ரயிலில் பொதியாக அனுப்பலாம். ராங்கில் உள்ள பெற்றோலை வடித்துவிட்டுத்தான் ஏற்றுவார்கள். வண்டிப் புத்தகத்தின் பிரதியோடு முதல் நாளே நிலையத்தில் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள்.